ஆயாவுக்கும் புரிகிற படம்

2011 ஜனவரி 18 அன்று முத்தியால்பேட்டை மாதா கோயிலில் தொடங்கிய ஒரு படப்பிடிப்பு அந்த மாதக் கடைசி வரை புதுச்சேரிப் பகுதியில் நடந்தது. படம் 'லைஃப் ஆஃப் பை'. யான் மார்ட்டெல் 2001இல் எழுதிய நாவலைத் தைவான் இயக்குநர் ஆங் லீ படமாக்கினார். கடற்கரை ஊரின் பிரெஞ்சுத் தெருக்களோடு நிற்காமல் மேற்கே வில்லியனூருக்கும் அந்தக் குழு வந்தது. திருக்காமீசுவரர் கோயிலில் விளக்குகள் ஏற்றி ஒரு திருவிழா இரவை உருவாக்கினார்கள். பொழுது விடிந்தால் நெல்லும் கரும்பும் கவனிக்கப் போகும் கொம்யூன் பஞ்சாயத்து ஊர் ஒன்று, உலகம் முழுக்கக் குழந்தைகளோடு பார்க்கப்பட்ட ஒரு சாகசப் படத்துக்குள் இப்படி இடம்பிடித்தது. 2012 நவம்பரில் படம் வெளிவந்தது. 2013இல் சிறந்த இயக்கம், ஒளிப்பதிவு, இசை, காட்சி விளைவுகள் என நான்கு ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது. அதன் தொடக்கத்தில் ஒலிக்கும் தாலாட்டு தமிழ். பாடியவர் பம்பாய் ஜெயஸ்ரீ.

வில்லியனூர், பாகூர் பக்கத்துக் குடும்பங்கள் குழந்தைகளோடு பார்க்கும் அனிமேஷன், சாகசப் படங்களைப் பற்றி யோசிக்க இதைவிடப் பொருத்தமான தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. 'குடும்பத்தோடு பார்க்கலாம்' என்று போஸ்டரில் போடுகிறார்கள். அதற்கு நாம் கொடுத்து வைத்திருக்கும் பொருள், முத்தம் இல்லை, கெட்ட வார்த்தை இல்லை, ரத்தம் இல்லை என்கிற இல்லைகளின் பட்டியல்தான். இந்த அளவுகோல் போதாது என்பதே என் கட்சி. மூன்று தலைமுறை ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது சின்னது இருட்டில் ஒரு கேள்வி கேட்கும். பெரியவர் அதற்கு அங்கேயே, அந்தக் கணத்திலேயே பதில் சொல்ல முடிகிற படம் எதுவோ அதுவே குடும்பப் படம். பதில் சொல்ல அந்தப் பெரியவருக்குப் படம் புரிந்திருக்க வேண்டும். அது அவர் மொழியில் பேச வேண்டும்.

எங்கள் பக்கத்தில் அம்மாவின் அம்மாவையும் அப்பாவின் அம்மாவையும் 'ஆயா' என்றுதான் கூப்பிடுகிறோம். படத்துக்குப் போகிற குடும்பத்தில் ஆயாவின் இடம் சிறியதல்ல. அப்பா வேலையை முடித்துவிட்டு நேராகத் தியேட்டருக்கு வருவார். அம்மாவின் கையில் கைக்குழந்தை இருக்கும். ஆறு வயதுப் பேரனும் எட்டு வயதுப் பேத்தியும் ஆயாவின் இரண்டு பக்கமும் உட்காருவார்கள். வில்லியனூரிலிருந்து பாண்டிக்குப் பத்து கிலோமீட்டருக்குள்தான். பாகூரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். பாகூர்க்காரர்களுக்குக் கடலூரும் கைக்கெட்டும் தூரம். எந்தப் பக்கம் போனாலும் பேருந்து, டிக்கெட், இடைவேளைத் தின்பண்டம் என்று ஒரு குடும்பத்துக்கு அது ஒரு நாள் கூலியை விழுங்கும் பயணம். அவ்வளவு செலவழித்துப் போன இடத்தில் திரையில் ஆங்கிலம் ஓடி, அடியில் வரும் எழுத்தும் ஆங்கிலமாக இருந்தால் வரிசையில் பாதிப்பேர் வெளியே நிற்பது போலத்தான். தமிழ் எழுத்தே வந்தாலும் ஆறு வயதுக் குழந்தையால் அந்த வேகத்துக்குப் படிக்க முடியாது. பள்ளிக்கூடம் போகாத ஆயாவாலும் முடியாது. குடும்பத்தின் இரண்டு ஓரங்களிலும் இருப்பவர்களைச் சப்டைட்டில் ஒரே சமயத்தில் ஒதுக்கிவிடுகிறது.

'லைஃப் ஆஃப் பை'யில் ஒரு காட்சி. மிருகக்காட்சி சாலை நடத்தும் அப்பா, புலியோடு சிநேகம் வைக்கப் பார்த்த மகனுக்குப் பாடம் சொல்ல விரும்புகிறார். கம்பிக்குப் பக்கத்தில் ஓர் ஆட்டைக் கட்டிவைக்கிறார். பிள்ளைகளைப் பார்க்கச் சொல்கிறார். தாய் தடுத்தும் கேட்பதில்லை. புலி வருகிறது, ஆட்டை இழுத்துக்கொண்டு போகிறது. குழந்தைகளுக்கு இது ஆகுமா என்று படித்த பெற்றோர் கவலைப்படும் காட்சி இது. அந்தக் கவலையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அய்யனாருக்கோ மதுரைவீரனுக்கோ கிடா வெட்டும்போது கூட்டத்துக்கு நடுவே தலையை நீட்டிப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு ஆடு சாவது புதுச் செய்தியில்லை. சாயங்காலம் அது குழம்பாகும் என்பதும் அதற்குத் தெரியும். அந்தக் காட்சியில் எங்கள் பக்கத்துக் குழந்தையைக் கலக்குவது வேறொன்று. தன்னைக் காக்க வேண்டிய அப்பாவே தன்னை வலுக்கட்டாயமாக நிறுத்திப் பார்க்க வைக்கிறார். குழந்தையின் கண் புலியிலிருந்து அப்பாவின் முகத்துக்குத் தாவும்.

குழந்தைகளுக்கான படங்களில் உண்மையான பயம் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்கு வந்து சேர்கிறோம். 1942இல் வந்த 'பாம்பி'யில் மான்குட்டியின் தாயைச் சுட்டுவிடுகிறார்கள். துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது, சாவைக் காட்டுவதே இல்லை. எண்பது ஆண்டுகளாகக் குழந்தைகள் அதற்கு அழுதுகொண்டிருக்கிறார்கள். 1994இன் 'தி லயன் கிங்'கில் முஃபாசா விழுந்து இறந்தபின் சிம்பா அப்பாவின் காதைப் பிடித்து இழுத்து எழுப்பப் பார்க்கிறது. அங்கே ரத்தம் கிடையாது. ஆனாலும் 'ஆயா, அது செத்துப்போச்சா, தூங்குதா?' என்ற கேள்வி தியேட்டரில் எந்த வரிசையிலிருந்தும் வரும். கைவிடப்படுவதுதான் குழந்தையின் பெரிய பயம். ரத்தத்தின் அளவை எண்ணிச் சான்றிதழ் கொடுக்கிறவர்கள் இதைத் தொட்டுப் பார்ப்பதே இல்லை. அந்தப் பயத்தைப் படத்திலிருந்து வெட்டியெறிய வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. வெட்டினால் கதையே போய்விடும். பக்கத்தில் பதில் சொல்ல ஆள் இருந்தால் குழந்தை அதைத் தாங்கிக்கொள்ளும் என்கிறேன்.

ஆங் லீயின் படத்தில் இதைவிட நுட்பமான ஒன்று உண்டு. கப்பல் மூழ்கிய பிறகு 227 நாள் கடலில் கிடந்த பையன், ஒரு படகில் புலியோடும் வரிக்குதிரையோடும் கழுதைப்புலியோடும் உராங்குட்டானோடும் இருந்த கதையைச் சொல்கிறான். அதை நாம் கண்ணால் பார்க்கிறோம். கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, கப்பல் கம்பெனி அதிகாரிகளுக்கு இன்னொரு கதை சொல்கிறான். அதில் மிருகங்கள் இல்லை, மனிதர்கள்தான். நடந்தது கொலையும் நரமாமிசமும். இந்த இரண்டாம் கதையை ஆங் லீ திரையில் காட்டுவதேயில்லை. சூரஜ் சர்மாவின் முகம் மட்டும் பேசுகிறது. குழந்தைக்கு எது வேண்டுமோ அதைப் படத்தில் வைத்தார், பெரியவருக்கு எது வேண்டுமோ அதைப் பேச்சில் வைத்தார். ஒரே இருக்கை வரிசையில் இருவரும் இரண்டு படங்களைப் பார்த்துவிட்டு ஒன்றாக வீடு திரும்பலாம். குடும்பப் படக் கலை தொட்ட உயரங்களில் ஒன்று இது என்று நினைக்கிறேன்.

ஆனால் இதன் விளைவைக் கவனியுங்கள். கொடுமை முழுவதும் பேச்சில் மட்டுமே இருப்பதால், ஆங்கிலத்தில் பார்த்த ஆயாவுக்குப் படத்தின் பாதி போய்விட்டது. அவர் பார்த்தது ஒரு பையனும் ஒரு புலியும் கடலில் அலைந்து கரைசேர்ந்த கதை. அதாவது ஆறு வயதுப் பேரன் பார்த்த அதே கதை. எழுபது வயதுக்காரரை ஆறு வயதுக்காரராக்கிவிட்டோம். படம் தமிழிலும் பேசி வந்தது. அந்த வடிவத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த ஆஸ்பத்திரிக் காட்சி கிடைத்தது. டப்பிங் என்றால் மட்டம், 'ஒரிஜினலில்' பார்ப்பதே ரசனை என்று நகரத்து ரசிகர்கள் சொல்லிக்கொண்டே வருகிறார்கள். ஒற்றை ஆளாகப் போய்ப் படம் பார்க்கிறவருக்கு அது சரியாக இருக்கலாம். குடும்பமாகப் போகிறவர்களுக்குச் சரியில்லை.

அந்தப் படத்தின் முடிவு எங்கள் ஊர்ப் பார்வையாளரை வேறொரு விதத்திலும் அசைத்தது. தமிழ் சினிமாவில் மிருகம் என்றால் நன்றி. சின்னப்பா தேவர் அந்த இலக்கணத்தை எழுதினார். 1967இல் 'தெய்வச் செயல்', அதையே இந்தியில் 1971இல் 'ஹாத்தி மேரே சாத்தி', பிறகு 1972இல் எம்.ஜி.ஆரை வைத்து 'நல்ல நேரம்'. யானை குடும்பத்தில் ஒருவராகி, எஜமானுக்காக எதையும் செய்யும். 1977இன் 'ஆட்டுக்கார அலமேலு'வில் ஆடு. பிறகு இராம. நாராயணன் பாம்பையும் குரங்கையும் யானையையும் அம்மனின் அருளோடு சேர்த்துத் தொண்ணூறுகளின் கிராமத்துத் தாய்மார்களைத் தியேட்டருக்குக் கொண்டுவந்தார். 1990இல் மட்டும் 'ஆடி வெள்ளி', 'துர்கா' என்று இரண்டு. இந்தப் படங்களைப் பற்றி விமர்சகர்கள் நல்ல வார்த்தை சொன்னது குறைவு. குழந்தையும் ஆயாவும் சரிசமமாக ரசித்த படங்கள் அவை என்பதை யாராவது பதிவு செய்ய வேண்டும். அவற்றைப் பார்த்து வளர்ந்த கண், மெக்சிகோக் கரையில் இறங்கிய புலி காட்டுக்குள் போவதற்கு முன் ஒருமுறை திரும்பிப் பார்க்கும் என்று காத்திருக்கிறது. புலி பார்ப்பதில்லை. பையன் அழுகிறான். மாட்டை வளர்த்துச் சந்தையில் விற்றுவிட்டு வெறும் கயிற்றோடு வீட்டுக்கு வந்த அனுபவம் உள்ள பாகூர் விவசாயிக்கு அந்த அழுகை புதிதில்லை. தேவர் படத்தின் யானையைவிட இந்தப் புலி அவர் வாழ்க்கைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அந்தப் புலியின் பெரும்பகுதி கணினியில் பிறந்தது. நிஜப் புலிகளும் இருந்தன. ஆனால் படகில் பையனோடு இருப்பது பெரும்பாலும் ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனத்தாரின் கைவேலை. அதற்கு மும்பையிலும் ஐதராபாத்திலும் கூடங்கள் இருந்தன. 2013 பிப்ரவரியில், ஆஸ்கர் விழாவுக்குச் சில நாட்களுக்கு முன் அந்த நிறுவனம் திவாலானது. விருது வாங்க மேடையேறிய பில் வெஸ்டன்ஹோஃபர் அதைப் பற்றிப் பேசத் தொடங்கியபோது இசையைப் போட்டுப் பேச்சை நிறுத்தினார்கள். இந்தச் செய்தியைப் பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று எண்ணுகிறேன். புலியின் ஒவ்வொரு மயிரையும் யாரோ உட்கார்ந்து வரைந்தார்கள் என்று தெரிந்தால் படம் அவர்களுக்குச் சிறுத்துப் போகாது. இந்தியாவில் படங்களுக்கு மிருகங்களைப் பயன்படுத்த 2001ஆம் ஆண்டின் விதிகள் கட்டுப்பாடு விதித்த பிறகு தேவர் காலத்து யானையும் பாம்பும் திரையிலிருந்து குறைந்துபோயின. மிருகங்களின் பொருட்டு அது நல்ல மாற்றம். அந்த இடத்தை நிரப்ப வேண்டிய பொறுப்பு அனிமேஷன் கலைஞர்களுக்கு வந்தது. நம்மவர்கள் அதை எப்படிச் செய்தார்கள் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

அதற்கு முன் கூத்து. எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் தெருக்கூத்து. குழந்தைகள் பாயில் சுருண்டு தூங்கும். சண்டை வரும்போது ஆயா தட்டி எழுப்பிவிடுவார். அபிமன்யு சாவதும், துச்சாதனன் கூந்தலைப் பிடித்து இழுப்பதும், துரியோதனன் படுகளத்தில் விழுவதும் எந்தச் சான்றிதழ்க் குழுவும் 'அனைவரும் காணலாம்' என்று ஒப்புக்கொள்ளாத காட்சிகள். அவற்றை நூற்றாண்டுகளாகக் குழந்தைகளோடு பார்த்து வந்திருக்கிறோம். பிள்ளைகள் கெட்டுப்போகாததற்கு ஒரு காரணம், கதையின் முடிவு ஆயாவுக்குத் தெரியும். 'பயப்படாத, இப்ப கிருஷ்ணன் வருவான் பாரு' என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார். தெரிந்த கதையின் பயம் ஒரு வகை, தெரியாத கதையின் பயம் வேறு வகை.

2025 ஜூலையில் வந்த 'மகாவதார் நரசிம்மா' இதை நன்றாகக் காட்டியது. அஸ்வின் குமார் இயக்கிய அந்த அனிமேஷன் படம் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் ஓடி, இந்திய அனிமேஷன் படங்களில் அதுவரை இல்லாத வசூலைக் கண்டது. இரணியனைத் தூணிலிருந்து வந்த நரசிம்மம் மடியில் போட்டுக் கிழிப்பதுதான் உச்சம். வன்முறையை அளவெடுத்தால் 'தி லயன் கிங்'கைவிடப் பல மடங்கு. என்றாலும் ஆயாக்கள் பேரப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். இரணியன் கதையைக் கூத்தில் பார்த்தவர்கள், கோயில் தூணில் கண்டவர்கள் அவர்கள். பதில் சொல்லும் பொறுப்பை ஏற்கெனவே அவர்கள் கையில் எடுத்திருந்தார்கள். அந்தப் படத்தை எனக்கு முழுமையாகப் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். கிழிக்கும் காட்சியை அவ்வளவு நீட்டியிருக்க வேண்டாம், பிரகலாதனின் பள்ளிக்கூடத்துக்கு இன்னும் நேரம் கொடுத்திருக்கலாம். ஆனாலும் அரங்கில் பெரியவர்கள் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொண்டே பார்த்த படம் அது. அதேபோல யூகோ சாகோவும் ராம் மோகனும் ஜப்பானியக் கலைஞர்களோடு சேர்ந்து உருவாக்கிய 1992ஆம் ஆண்டின் ராமாயண அனிமேஷன் 2025 ஜனவரியில் தமிழ்க் குரலோடு மறுபடி வந்தது. கையால் வரைந்த அந்தக் காடுகளின் அழகுக்கு இப்போதைய கணினிப் படங்கள் பலவும் ஈடாகா.

வெளியிலிருந்து வரும் சாகசக் கதைகளுக்கு இந்த முன்னறிவு கிடையாது. அங்கேதான் டப்பிங் எழுதுகிறவர் முக்கியமாகிறார். தெருக்கூத்தில் கட்டியக்காரன் என்று ஒருவன் உண்டு. ராஜா சபைக்கு வருவதை அறிவிப்பான், ராஜா பேசும் பெரிய தமிழை ஊர்ப் பேச்சில் சொல்லிச் சிரிக்க வைப்பான், கதைக்கும் சனத்துக்கும் நடுவில் நிற்பான். 2019இல் 'தி லயன் கிங்' மறுபடியும் எடுக்கப்பட்டு வந்தபோது தமிழில் டிமோனுக்குச் சிங்கம்புலியும் காட்டுப்பன்றி பும்பாவுக்கு மறைந்த ரோபோ சங்கரும் குரல் கொடுத்தார்கள். அவர்கள் செய்தது கட்டியக்காரன் வேலைதான். முஃபாசா செத்த துக்கத்திலிருந்து குழந்தைகளைக் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்த குரல்கள் அவை. ஸ்காருக்கு அரவிந்த்சாமி. 1994இன் தமிழ் வடிவத்தில் சிம்பாவுக்குப் பேசியவர் அவரே. அப்போது மகனாகப் பேசியவர் இருபத்தைந்து ஆண்டு கழித்துச் சித்தப்பனாகப் பேசினார். சித்தார்த் சிம்பா, மறைந்த மனோபாலா ஜாஜு. 2024இன் 'முஃபாசா'வில் அர்ஜுன் தாசின் கனத்த குரல். இவை எல்லாம் வீட்டில் ஏற்கெனவே பழகிய குரல்கள். ஆயா பும்பாவைப் பார்த்ததும் 'இது அவன் குரலாச்சே' என்று சிரிப்பார். பேரன் அவரைப் பார்த்துச் சிரிப்பான்.

நகைச்சுவை நடிகர்களைப் போட்டு ஒவ்வொரு வரியிலும் சினிமா வசனத்தைத் திணிக்கிறார்கள் என்ற குறையும் நியாயமானதே. ஒரு காட்டுப்பன்றி சென்னையின் நேற்றைய மீம் ஒன்றைச் சொல்லும்போது ஐந்து ஆண்டு கழித்துப் பார்க்கிற குழந்தைக்கு அது விளங்காது. கட்டியக்காரன் ஊரைத் தெரிந்து பேசினான், டப்பிங் எழுதுகிறவர் பெரும்பாலும் கோடம்பாக்கத்தை மட்டும் தெரிந்து எழுதுகிறார். டப்பிங்குக்குத் தரும் காலமும் கூலியும் கூடினால் இதைச் சரிசெய்ய முடியும். 2016இன் 'தி ஜங்கிள் புக்' அமெரிக்காவுக்கு ஒரு வாரம் முன்பே, ஏப்ரல் 8 அன்று இந்தியாவில் வெளிவந்தது. தமிழிலும் வந்தது. நம்முடைய சந்தையை அவர்கள் எவ்வளவு பெரிதாக எண்ணுகிறார்கள் என்பதற்கு அது சாட்சி. அப்படியிருக்க, தமிழ் வசனத்துக்கு இன்னும் சற்றுச் செலவழிக்கச் சொல்வது பேராசை ஆகாது.

தொலைக்காட்சி இதை எப்போதோ புரிந்துகொண்டது. 2007இல் சன் குழுமத்தின் சுட்டி டிவி தொடங்கியபோது கார்ட்டூன் முழுநேரமும் தமிழ் பேச ஆரம்பித்தது. 'டோராவின் பயணங்கள்' அதில் வந்தது. டோரா திரையிலிருந்து கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பாள். ஓட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த நம் பிள்ளைகள் சத்தமாகப் பதில் சொன்னார்கள். ஜாக்கி சானின் கார்ட்டூன் தொடரில் வரும் மாமாவின் தமிழ்ப் பேச்சு அன்றைய பள்ளிப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் 'பொம்மைப் படம்' என்று ஒதுக்கியதை அந்தத் தலைமுறை தங்கள் முதல் கதைநூலகமாக்கிக்கொண்டது. இப்போது அவர்களில் பலர் தாயாகவும் தகப்பனாகவும் ஆகிவிட்டார்கள்.

நம்மவர்கள் செய்த அனிமேஷன் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், பெருமைப்பட அதிகம் இல்லை. சென்னையின் பென்டாமீடியா நிறுவனம் 2000ஆம் ஆண்டிலேயே மோஷன் கேப்சர் முறையில் முழுநீளச் சிந்துபாத் படம் எடுத்தது. அந்தத் தொழில்நுட்பத்தில் உலகுக்கே முன்னோடி அது. அதே ஆண்டில் பாண்டவர் கதையையும் எடுத்தது. சென்னையில் உருவான பாண்டவர்கள் ஆங்கிலத்தில் பேசினார்கள். திரௌபதி அம்மனுக்குத் தீ மிதிக்கிற ஊர்களின் பிள்ளைகளை யாரும் அதன் பார்வையாளராக நினைக்கவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம். 2007இல் வெங்கி பாபு இயக்கத்தில், இளையராஜா இசையில் 'இனிமே நாங்கதான்' வந்தது. முயற்சிக்கு மரியாதை. பார்த்தவர்கள் குறைவு. 2014இல் சௌந்தர்யா ரஜினிகாந்தின் 'கோச்சடையான்'. ரஜினியின் முகம் அசையாமல் நின்றது குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்தது. ஆனால் 2009இல் மறைந்த நாகேஷைக் கணினியில் எழுப்பி நடமாட விட்டபோது பெரியவர்கள் வரிசை ஒருமுறை நிமிர்ந்து உட்கார்ந்தது. 2024 பொங்கலுக்கு வந்த 'அயலான்' இவற்றுள் எனக்குப் பிடித்தது. வேற்றுக்கிரகவாசி ஒரு கிராமத்து விவசாயியிடம் வந்து சேர்வதாகத் தொடங்கும் கதை இந்தப் பக்கத்துக்கு இயல்பாகப் பொருந்தியது. இரண்டாம் பாதியில் வில்லனின் ஆட்கள் கூடிப்போய்க் கதை இளைத்துவிட்டது. முதல் பாதியைத் தனியே ஒரு படமாகவே நேசிக்கிறேன்.

அனிமேஷன் இல்லாமல் குழந்தைகளை நடுவில் வைத்து எடுத்த 'பசங்க', 'காக்கா முட்டை', 'குரங்கு பெடல்' ஆகியவை வேறு பேச்சு. மூன்றும் நல்ல படங்கள். ஆனால் பெரியவர்கள் தங்கள் பால்யத்தை நினைத்து உருகும் அளவுக்குக் குழந்தைகள் அவற்றைத் திரும்பப் பார்க்கக் கேட்பதில்லை என்பது நான் கவனித்தது. குழந்தைகள் தங்களைப் போன்ற பிள்ளையைவிடப் புலியையும் பூதத்தையுமே விரும்பிக் கேட்கிறார்கள். அதை ரசனைக் குறைவு என்று நினைக்க வேண்டியதில்லை.

சான்றிதழ் விஷயத்தில் அண்மையில் ஒரு நல்லது நடந்தது. 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டத்தில் 2023இல் திருத்தம் வந்து, பெற்றோர் துணையோடு பார்க்கலாம் என்ற யு/ஏ பிரிவை 7, 13, 16 வயது என மூன்றாகப் பிரித்தார்கள். முன்பு பன்னிரண்டு வயது என்ற ஒற்றைக் கோடு மட்டும் இருந்தது. ஐந்து வயதுக்கும் பதினொரு வயதுக்கும் வித்தியாசம் உண்டு என்பதை அரசு ஒப்புக்கொண்டது பெரிய விஷயம். ஆனால் அந்த எண்ணைப் போஸ்டரின் மூலையில் சிறிதாகப் போடுகிறார்கள். ஏன் அந்த எண் என்று தமிழில் ஒரு வரி சொல்வதில்லை. 'தாய் இறக்கும் காட்சி உண்டு', 'இருட்டில் திடீர்ச் சத்தம் வரும்' என்று நாலு வார்த்தை டிக்கெட் கவுண்டரில் எழுதி ஒட்டினால் ஆயா தயாராக உட்காருவார். பதிலை முன்கூட்டியே யோசித்து வைத்திருப்பார்.

கடைசியாக, போய்ச் சேரும் வழி. 2025 செப்டம்பரிலிருந்து நூறு ரூபாய் வரைக்குமான டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வில்லியனூர்க் குடும்பத்துக்கு அது சிறு உதவி. பெரிய சிக்கல் காட்சி நேரம். ஒரே படத்தின் ஆங்கில வடிவத்துக்கு வசதியான மாலை நேரமும் தமிழ் வடிவத்துக்கு முற்பகலோ இரவோ ஒதுக்கப்படும்போது குழந்தைகளும் வயதானவர்களும் பேருந்தை நம்பி வர முடியாது. சனி, ஞாயிறு பிற்பகலில் தமிழ்க் காட்சி ஒன்று கட்டாயம் வேண்டும். தியேட்டர்காரர்களுக்கு இதில் நட்டம் வராது. ஒரு குடும்பம் வந்தால் ஆறு டிக்கெட்.

இன்னொரு வழியும் நமக்குப் பழையது. 1905இல் திருச்சியில் து போன் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கிய ரயில்வே ஊழியர் சாமிக்கண்ணு வின்சென்ட், ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். டூரிங் டாக்கீஸ் அதன் வழிவந்தது. மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்து படம் பார்த்தவர்கள் எங்கள் கொம்யூன்களில் இன்னும் இருக்கிறார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022 முதல் மாதந்தோறும் சிறார் படங்களைத் திரையிடத் தொடங்கினார்கள். புதுச்சேரியின் கிராமங்களும் கடலூர், விழுப்புரம் மாவட்டக் கிராமங்களும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடப்பவை. ஒரு வாய்க்காலைத் தாண்டினால் மாநிலம் மாறிவிடும். அந்த ஏற்பாட்டை இங்கும் செய்யலாம். பள்ளி நேரத்தில் பிள்ளைகளை மட்டும் உட்கார வைக்காமல், மாலையில், ஆயாக்களையும் அழைத்து.

முதல் படமாக நான் போடச் சொல்வது 1956இல் அல்பேர் லாமோரிஸ் எடுத்த 'சிவப்பு பலூன்'. பிரெஞ்சுப் படம், 34 நிமிடம், பேச்சு ஏறக்குறைய இல்லவே இல்லை. பாரிசின் தெருக்களில் ஒரு சிறுவனின் பின்னாலேயே ஒரு பலூன் வருகிறது. பொறாமைப்பட்ட பையன்கள் கல்லெறிந்து அதை உடைக்கிறார்கள். அது சுருங்கித் தரையில் விழுவது உலக சினிமாவின் மிகத் துயரமான சாவுகளில் ஒன்று, அதில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. அதற்குத் தமிழ்க் குரல் தேவைப்படாது, சப்டைட்டிலும் தேவைப்படாது. அது முடிந்ததும் பத்து நிமிடம் விளக்கைப் போட்டுப் பிள்ளைகளைப் பேச விடலாம். அடுத்து தமிழ் பேசும் 'தி லயன் கிங்'. உரிமை வாங்கித்தான் காட்ட வேண்டும், அதற்கு ஆகும் செலவைக் கொம்யூன் பஞ்சாயத்து ஏற்கலாம். திரை ஒரு வெள்ளை வேட்டியாக இருந்தாலும் போதும். ஒலிபெருக்கி மட்டும் நல்லதாக இருக்க வேண்டும், கடைசி வரிசையில் காது மந்தமாகி உட்கார்ந்திருப்பவருக்கும் ஒவ்வொரு சொல்லும் கேட்கிற அளவுக்கு.